பிரிச்சுக் காட்டுங்க ப்ளீஸ்!

உங்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். பக்கத்து வீட்டில் யாரோ ஃபாரின் கிளம்புகிறார்கள். முதலில் என்ன கேட்பீர்கள்? 'எப்போ கிளம்புறீங்க?', 'அங்கே குளிருமா?'... இதெல்லாம் வேறு ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வி. எங்க காரைக்காலில் ஒரே கேள்விதான்.

"எத்தனை கிலோ?"

போன வருஷம் மே மாதம், செமஸ்டர் முடிந்த கையோடு பெரியம்மா மகள் கல்யாணத்துக்காக பாரிஸ் கிளம்பினேன். வாழ்க்கையில் முதல் ஃப்ளைட். விசா வந்த சேதி வீட்டுக்குள்ளேயே சரியாகப் பரவவில்லை. அதற்குள் தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி கேட்டுவிட்டார். "பாப்பா, பாரிஸாமே! எத்தனை கிலோ?"

பெட்டிக்கு 30, கைப்பைக்கு 7. ஆக மொத்தம் 37. இதில் என் டிரெஸ், ஷூ, கல்யாணப் பட்டுப்புடவை எல்லாம் சேர்த்து 11 கிலோதான். மீதி 26 கிலோவை எங்க தெரு பங்கு போட்டுக்கொண்டது. டிக்கெட் என் பேரில். பெட்டி ஊர்ப் பொது.

சிரிக்காதீங்க. இந்தப் பெட்டிக்குப் பின்னாடி பெரிய ஹிஸ்டரியே இருக்கு.

காரைக்கால் மேப்பில் பார்த்தால் கடுகு சைஸ். சுத்தி மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். ஆனால் பாண்டிச்சேரியோடு சேர்ந்தது. 1739-ல் தஞ்சாவூர் மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன ஊர். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி முழுசாக இணைந்தது. அப்போது, 'பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள்' என்று ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்றைக்கு பாரிஸைச் சுத்தி இருக்கிறார்கள். எங்க பெரியப்பா வீடு அந்த வகை.

அதற்கும் முன்னாடி? 19-ம் நூற்றாண்டில் குவாதலூப், மார்த்தினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி அனுப்பிய துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று. அப்புறம் சைகோன். பிரெஞ்சு அரசாங்க உத்தியோகம், பட்டாளம் என்று அங்கே போனவர்கள் ஏராளம். இந்தப் பக்கம் மலேயா, சிங்கப்பூர். இங்கிருந்து 20 கிலோமீட்டரில் இருக்கிற நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு, சிங்கப்பூர். 'ரஜூலா' என்று வீட்டுத் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள். கண்ணு விரியும். 1926-ல் கட்டிய கப்பல், சுமார் 50 வருஷம் ஓடியது. அதற்குப் பிறகு 'சிதம்பரம்' கப்பல். 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்து பல பேர் இறந்துபோனார்கள். அந்த சர்வீஸும் அதோடு முடிந்தது. இதில் ஒரு தமாஷ், அந்த 'சிதம்பரம்' முதலில் 'பாஸ்தர்' என்ற பிரெஞ்சுக் கப்பலாம். எங்க ஊர் மாதிரியே பேர் மாத்திக்கொண்ட கேஸ்.

கப்பல் போய் ப்ளேன் வந்தது. கொடுத்து அனுப்புவது மட்டும் நிற்கவே இல்லை.

இன்னும் பின்னாடி போனால் எங்க ஊர்க் கதையே ஒரு பார்சல் கதைதான். காரைக்கால் அம்மையார் தெரியும் இல்லையா? புனிதவதி. அவர் கணவர் பரமதத்தன் ஒரு வியாபாரி. கடைக்கு வந்தவர்கள் கொடுத்த இரண்டு மாம்பழத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறார். பசியோடு வந்த சிவனடியாருக்கு அதில் ஒன்றை புனிதவதி கொடுத்துவிடுகிறார். மத்தியானம் சாப்பிட வந்த கணவர் ஒரு பழத்தைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னொண்ணு எங்கே?" என்கிறார். அவ்வளவுதான். அந்தக் கணக்கிலிருந்துதான் அற்புதம், பயம், பிரிவு, கடைசியில் அவர் கப்பலேறிப் போகிற வரைக்கும் கதை ஓடுகிறது. ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுவோமே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கதைதான். இரண்டு கொடுத்து அனுப்பினால் இரண்டு போய்ச் சேரணும். எங்க ஊரில் இது பெரியபுராணக் காலத்துச் சட்டம்!

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஏன் கொடுத்து அனுப்புகிறார்கள்? கொரியர் இல்லையா, போஸ்ட் ஆபீஸ் இல்லையா? இருக்கு. ஆனால் ஒரு கிலோ முறுக்கை பாரிஸுக்கு கொரியர் பண்ணுகிற காசில் இங்கே பல கிலோ முறுக்கு வாங்கிவிடலாம். போஸ்ட் ஆபீஸில் சுங்கப் படிவம் நிரப்பணும். 'பொருள்: நார்த்தங்காய் ஊறுகாய். மதிப்பு: ?' என்று இருந்தால் பாட்டி என்னத்தை எழுதுவார்? அதைவிட முக்கியம், கொரியர்காரர் திரும்பி வந்து "உங்க பையன் இளைச்சிட்டார், ஆனா சிரிச்ச முகமா இருக்கார்" என்று சொல்ல மாட்டார். பார்சலோடு ஒரு ஜோடிக் கண்ணும் போகிறது. அதுக்காகத்தான்.

இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு நம் பக்கம் 'குருவி' என்று பேர். சென்னை, திருச்சியிலிருந்து சிங்கப்பூர், மலேசியா பக்கம் பறக்கிறவர்கள். வியாபாரி டிக்கெட் எடுத்துக் கொடுப்பார், கையில் கொஞ்சம் காசும் கொடுப்பார். போகும்போது துணிமணி, வரும்போது எலெக்ட்ரானிக்ஸ். 2008-ல் வந்த விஜய் படத்துக்கு அந்தப் பேரை வைத்தது சும்மா இல்லை. ஹீரோ மலேசியாவுக்குக் குருவியாகத்தான் போவார். நான் சம்பளம் வாங்காத குருவி. அவ்வளவுதான் வித்தியாசம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாடியிலிருந்து எங்க வீட்டுத் திண்ணை பார்சல் ஆபீஸ் ஆகிவிட்டது. பின்வீட்டு ராத்தா தம்ரூட் கொண்டு வந்தார். அச்சு முறுக்கு இரண்டு டின். குருமாப் பொடி. கருவேப்பிலை ஒரு கட்டு. நெத்திலிக் கருவாடு மூணு சுத்து சுத்தி. ஒருத்தர் கொப்பரைத் தேங்காய். இன்னொருத்தர் மகனுக்கு பழைய செல்போன், "ஸ்விட்ச் ஆஃப் பண்ணிட்டேம்மா, உள்ள வெச்சுடு" என்று.

இன்ஜினீயரிங் படிக்கிற பொண்ணு ஆச்சே, சும்மா இருப்பேனா? உட்கார்ந்து ரூல்ஸ் எல்லாம் படித்தேன். படித்ததும் தலை சுத்திவிட்டது.

ஐரோப்பாவுக்குள் வெளியிலிருந்து வருகிறவர்கள் கறி, பால் சம்பந்தப்பட்டது எதையும் கொண்டு போகக்கூடாது. நெய், பால்கோவா, திரட்டுப்பால் எல்லாம் அவுட். ஆனால் மீன்? ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் ஓகே. காய்ந்ததும் அதில் சேர்த்தி. அதாவது தெருவே மூக்கைப் பிடிக்கிற கருவாடு சட்டப்படி போகலாம், வாசனைக்குப் போடுகிற நெய் போகக்கூடாது! 2019 டிசம்பரிலிருந்து செடி, இலை, பழம் எல்லாவற்றுக்கும் பயிர் நலச் சான்றிதழ் வேணும். வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன், இந்த ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆக பச்சைக் கருவேப்பிலையும் மாங்கனித் திருவிழா மாம்பழமும் போக முடியாது. பூச்சி பயம்தான் காரணம். 2014-ல் இந்திய மாம்பழத்துக்கே ஐரோப்பா தடை போட்டது. அடுத்த வருஷம்தான் எடுத்தார்கள்.

கொப்பரை? ப்ளேனில் கூடாது. எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகச் சூடாகித் தீப்பிடிக்கலாம் என்று ஆபத்தான சரக்குப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். உதிரி பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில்தான் வரணும், பெட்டிக்குள் போகவே கூடாது. குருமாப் பொடியில்தான் பெரிய குண்டு. அதில் கசகசா இருந்தது. நான் துபாயில் ப்ளேன் மாறணும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். பாப்பிச் செடியின் விதை, ஓபியம் வருகிற அதே செடி. நாம் குருமாவில் அரைத்துப் போடுகிற சாமானுக்கு அங்கே ஜெயிலே கிடைக்கலாம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் போய் "சாரி அத்தை, சாரி ராத்தா" சொல்லி அதையதைத் திருப்பிக் கொடுத்தேன். "ஓவரா ரூல்ஸ் பேசுது" என்று ரெண்டு பேர் முணுமுணுத்தார்கள். பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். நிஜமான டென்ஷன் அதற்கு அப்புறம்தான் வந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு அண்ணன் வந்தார். அப்பாவின் ஃப்ரெண்டுக்குத் தெரிந்தவராம். முப்பது வயசு இருக்கும், நல்ல டீசன்டான ஆள். கையில் ஷூ டப்பா சைஸில் ஒரு பெட்டி. பிரவுன் டேப்பை வளைத்து வளைத்து ஒட்டியிருந்தார்.

"ஸ்வீட்தாம்மா. நீ அலையவே வேணாம். பாரிஸ் ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவாங்க."

டேபிள் மேல் ஒரு கவரையும் வைத்தார். "வழிச்செலவுக்கு வெச்சுக்க."

நான் கேட்டேன். "அண்ணா, ஒரு தடவை பிரிச்சுக் காட்டுங்களேன். நானே திரும்ப டேப் போட்டுத் தர்றேன்."

அவர் முகம் மாறியது. "கடையில பேக் பண்ணினது. கலைஞ்சிடும்மா."

"அப்ப வேணாம்ணா."

ரூமே அமைதி. அப்பா என்னைப் பார்க்கிறார். அம்மா சமையலறை வாசலிலேயே நிற்கிறார். அந்த அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியையும் கவரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நிமிஷத்தில் அப்பாவுக்கு போன். "ஒரு ஸ்வீட் டப்பாவுக்கு இவ்வளவு சந்தேகமா? உன் பொண்ணுக்குப் படிச்ச திமிரு." அந்த நண்பர் இன்றைக்கு வரைக்கும் அப்பாவோடு சரியாகப் பேசுவதில்லை. இருபது வருஷப் பழக்கம்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த டப்பாவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஸ்வீட்டாகவே இருந்திருக்கலாம். நான் ஒரு கடத்தல்காரனைப் பிடித்த வீராங்கனை என்று பீத்திக்கொள்ள என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அதுதான் இதில் கஷ்டமே. 'வேணாம்' என்று சொல்கிறவருக்கு, தான் சொன்னது சரியா தப்பா என்று கடைசி வரைக்கும் தெரியப் போவதில்லை. 'சரி' என்று சொல்கிறவருக்குத்தான் தெரியும், அதுவும் ஏர்போர்ட்டில்.

2019 ஜூலையில் மும்பையிலிருந்து ஒரு இளம் தம்பதி தோஹா போனார்கள். ட்ரிப்பையே பரிசாகக் கொடுத்தவர் சொந்த அத்தை. கூடவே ஒரு பாக்கெட்டும் கொடுத்து அனுப்பினார். தோஹா ஏர்போர்ட்டில் பிரித்தால் 4 கிலோ ஹஷீஷ். ஆளுக்கு 10 வருஷம் தண்டனை. அந்தப் பெண் அப்போது கர்ப்பம். குழந்தை பிறந்ததே சிறையில்தான். இங்கே இந்தியாவில் விசாரணை நடந்து, இவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்று நிரூபித்து, 2021 ஏப்ரலில்தான் ஊர் திரும்பினார்கள். 2023-ல் ஷார்ஜாவில் ஒரு மும்பை நடிகை. அவர் கையில் கொடுத்து அனுப்பிய கோப்பைக்குள் போதைப்பொருள். அவரும் மாட்டிவிடப்பட்டவர்தான், ஆனாலும் சில வாரம் ஜெயில்.

'எனக்குத் தெரியாது சார், கொடுத்து அனுப்பினாங்க' என்று சொன்னால் விட்டுவிட மாட்டார்களா? மாட்டார்கள். பெட்டியில் ஒட்டுகிற டேகில் இருப்பது உங்கள் பேர். நம்ம நாட்டு 1985-ம் வருஷ போதைப்பொருள் சட்டத்தின் 35-வது பிரிவே, 'குற்ற எண்ணம் இருந்தது என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது உன் வேலை' என்கிறது. சிங்கப்பூரில் இன்னும் கடுமை. பெட்டியை வைத்திருந்தால் உள்ளே இருப்பதும் உன்னுடையது, அது என்னவென்றும் உனக்குத் தெரியும் என்றே தொடங்குவார்கள். 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் அங்கே மரண தண்டனை. 15 கிராம் என்றால் மூணு டீஸ்பூன் சர்க்கரை எடை!

அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் என்னவோ பண்ணியது.

ஒன்பது மணி இருக்கும். கதவைத் தட்டினார் சொல்தா வீட்டுப் பாட்டி. 'சொல்தா' என்றால் எங்க பக்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பாட்டியின் வீட்டுக்காரர் அங்கே இருந்து பென்ஷன் வாங்கியவர், இப்போது இல்லை. ஒரே மகன் பாரிஸில். நான் குழந்தையாக இருந்தபோது இந்தப் பாட்டி மடியில்தான் பாதி நேரம் கிடப்பேனாம். முதல் நாளே தன்னுடைய பார்சலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மல்லுத்துணியில் கச்சிதமாகத் தைத்த மூட்டை. நான் வாங்கி அப்படியே பெட்டியில் அடியில் வைத்திருந்தேன்.

பாட்டி கையில் கத்தரிக்கோல்.

"அந்தப் பையன் டப்பாவைப் பிரிக்கச் சொன்னியாமே?"

"ஆமா பாட்டி..."

"என் மூட்டையைப் பிரிச்சியா?"

நான் முழித்தேன். "உங்களைப் போய் எப்படி பாட்டி..."

"அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? நாளைக்கு எவனாவது 'அந்தக் கிழவி மூட்டையை மட்டும் வாங்கிக்கிச்சே'ன்னு கேட்டா உங்கப்பன் என்ன பதில் சொல்லுவான்? எடு. பிரி."

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. தோஹாவில் மாட்டியவர்களுக்குக் கொடுத்தது யாரு? சொந்த அத்தை! தெரியாதவர் டப்பாவுக்கு ரூல், தெரிந்தவர் மூட்டைக்கு பாசம் என்று நான் பிரித்து வைத்திருந்தேனே, அதுதான் உண்மையில் அவமானப்படுத்துவது.

தையலைப் பிரித்தோம். முதலில் வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு எல்லாம் இடித்து விளக்கெண்ணெய் போட்டு உருட்டி, நாள் கணக்கில் வெயிலில் காயவைத்த தாளிப்பு வடகம். ரூம் முழுக்க மணம். இதைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'வடூவான்' என்று பேர் மாத்தி மசாலாவாக விற்கிறார்கள். பெரிய பெரிய சமையல்காரர்கள் எல்லாம் உபயோகிக்கிறார்களாம். பாட்டிக்கு அது தெரியாது. "அங்க நல்ல வடகம் கிடைக்காதுடி, பாவம்" என்றார்.

அடுத்து கருவாடு. ஓகே. அப்புறம் ஒரு சின்ன பாட்டில் நெய். எடுத்து வைத்தேன். பாட்டி உதட்டைப் பிதுக்கினார், ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில், வேட்டித் துணியில் சுருட்டி ஒரு சின்னப் பொட்டலம். உள்ளே மாத்திரை. ஸ்ட்ரிப்பாகக்கூட இல்லை, வெட்டி வெட்டி எடுத்த துண்டுகள். இருபது இருக்கும்.

"இது என்ன பாட்டி?"

"எனக்கு டாக்டர் எழுதிக் கொடுக்குறதுதான். தூக்க மாத்திரை. தம்பி போன்ல ராத்திரியெல்லாம் தூங்குறதே இல்லைங்குறான். அதான் நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிட்டு மிச்சம் பிடிச்சேன்."

எனக்குக் கை நடுங்கிவிட்டது. டாக்டர் சீட்டு இல்லை. அட்டையில் பேர் பாதி கிழிந்திருக்கிறது. துணிக்குள் ஒளித்து வைத்த மாதிரி இருபது தூக்க மாத்திரை. வழியில் துபாய். தூக்க மாத்திரைகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிற நாடு அது. அங்கே யாராவது பெட்டியைத் திறந்தால் நான் என்ன சொல்வேன்? 'பாட்டி மிச்சம் பிடிச்சது சார்'?

விஷயத்தைச் சொன்னதும் பாட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் பெத்த மக மாதிரி வளர்த்த பிள்ளையை நானே மாட்டிவிட இருந்தேனே" என்று புலம்பல். அப்பா ஓடி வந்து தண்ணீர் கொடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, அன்றைக்கு ராத்திரி முதல் தடவையாகப் பேசினார். "நீ சொன்னதுதாம்மா சரி."

யோசித்துப் பாருங்கள். டேப் ஒட்டிய டப்பாவில் என்ன இருந்ததோ தெரியாது. ஆனால் எனக்கு ஆபத்து இருந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே பார்சல், என்னை மடியில் போட்டு வளர்த்தவர் கொடுத்தது. அவர் மேல் ஒரு துளி தப்பு எண்ணம் கிடையாது. அத்தனையும் பாசம். ஸ்கேனர் மெஷினுக்கு பாசம் தெரியாதே!

மிச்ச எல்லா பார்சலையும் அன்றைக்கு ராத்திரியே திண்ணையில் வைத்துப் பிரித்தோம். பாட்டியே பக்கத்து வீடுகளுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "என்னுதையே பிரிச்சாச்சு, உன்னுது என்ன பெரிசு?" யாரும் மூச்சு விடவில்லை. கடைசியில் பெட்டி 24 கிலோதான்.

பிரிப்பது எல்லா ஊரிலும் சென்சிடிவ் மேட்டர்தான். பிலிப்பைன்ஸில் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டுக்கு அனுப்புகிற பெரிய அட்டைப் பெட்டிக்கு 'பாலிக்பாயன் பாக்ஸ்' என்று பேர். 2015-ல் சுங்கத் துறை, 'நாங்கள் அதைத் திறந்து சோதிப்போம்' என்றதும் நாடே கொந்தளித்தது. கடைசியில் ஜனாதிபதியே, 'சும்மா சும்மா திறக்காதீர்கள், எக்ஸ்ரேயில் பாருங்கள்' என்று சொல்ல வேண்டி வந்தது. அரசாங்கம் திறந்தால் கோபம் வரும், நியாயம்தான். ஆனால் கொடுக்கிறவரே திறந்து காட்டினால் யாருக்கு என்ன கோபம்?

நீங்களும் ஒருநாள் எம்.எஸ்., வேலை, டூர் என்று பறப்பீர்கள். அதனால் அன்றைக்கு ராத்திரி நான் டைரியில் எழுதியதை அப்படியே தருகிறேன்.

* பார்சலை வாங்காதீர்கள், பொருளை வாங்குங்கள். எல்லாம் திறந்தபடி வரட்டும். பேக்கிங் உங்கள் கையால்.

* ரூல் எல்லாருக்கும் ஒன்று. அம்மா கொடுத்தாலும் பிரியுங்கள். அப்போதுதான் யாருக்கும் வருத்தம் இருக்காது.

* மாத்திரை என்றால் டாக்டர் சீட்டு, ஒரிஜினல் அட்டை, அந்த நாட்டு அனுமதி. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் 'சாரி'. வழியில் இறங்கி ஏறுகிற நாட்டு ரூலையும் பாருங்கள்.

* 'காசு தர்றேன்' என்று யாராவது சொன்னால் அங்கேயே நில்லுங்கள். முறுக்குக்கு யாரும் கூலி தர மாட்டார்கள்.

* எதை யார் கொடுத்தார்கள், யாரிடம் சேரணும், போன் நம்பர் என்ன... லிஸ்ட் போட்டு ஒன்று வீட்டில், ஒன்று உங்கள் கையில். முடிந்தால் போட்டோ.

* ஏர்போர்ட்டில் 'பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?' என்று கேட்டால் தைரியமாக 'ஆமா' சொல்கிற மாதிரி நடந்துகொள்ளுங்கள்.

சென்னை கவுன்ட்டரில் அந்தக் கேள்வியை நிஜமாகவே கேட்டார்கள். "யாராவது எதையாவது கொடுத்து அனுப்பினார்களா?" "ஆமா சார், கொடுத்தாங்க. ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பார்த்து நானே அடுக்கினேன்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "குட்" என்றார். என் செமஸ்டர் மார்க்குக்குக்கூட யாரும் அப்படி 'குட்' சொன்னதில்லை.

பாரிஸில் லா ஷப்பேல் என்று ஒரு ஏரியா. இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். வாழைப்பழத்திலிருந்து பட்டுப்புடவை வரை எல்லாம் கிடைக்கும். பாட்டியின் மகன் அங்கேதான் வந்து வாங்கிக்கொண்டார். ஐம்பது வயசுக்காரர். நடுத்தெருவில் வடகத்தை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு ரெண்டு நிமிஷம் பேசவே இல்லை. நான் மாத்திரைக் கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"தூக்கம் வரலைன்னு சொல்லலைம்மா. நைட் ஷிஃப்ட், அதனால ராத்திரி தூங்க முடியாது, பகல்ல தூங்குறேன்னு சொன்னேன். அம்மாவுக்கு முதல் பாதி மட்டும்தான் காதுல விழுந்திருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அவங்க பாதி மாத்திரைதான் போட்டுக்கிட்டாங்களா இவ்வளவு நாளா? அம்மா தூங்கலையா?" என்றார். அங்கேயே நின்று போன் போட்டார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் கடையில் கத்தரிக்காய் விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது அவர் ஒரு பை கொண்டு வந்தார். ஸ்வெட்டர், சாக்லேட், படிக்கிற கண்ணாடி, ஒரு சென்ட் பாட்டில். பையின் வாய் திறந்தே இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து டேபிளில் பரப்பினார். சாக்லேட் டப்பாவின் மூடியைக்கூடத் திறந்து காட்டினார். நான் கேட்கவே இல்லை.

ஊருக்கு வந்து பாட்டியிடம் கொடுத்தேன். முகத்தைப் பார்த்தார், பையைப் பார்த்தார். முதல் கேள்வி, "பிரிச்சுப் பார்த்தியா?"

"அவரே பிரிச்சுக் காட்டினார் பாட்டி."

"நல்லாத்தான் வளர்த்திருக்கேன்" என்றார் பாட்டி. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி சொல்லு. பய இளைச்சிருக்கானா?"